பாட்டி வீட்டு ஸ்பூன்ல சிங்கம் இருக்கா? பழைய வெள்ளிப் பாத்திரம் வாங்குறதுக்கு முன்னாடி... விக்கிறதுக்கும் முன்னாடி!

"கறுத்துப்போய்த்தானே கிடக்கு... கொடுத்துட்டுப் புதுசா ஏதாவது வாங்கிடலாம்!"

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் நம்ம வீடுகளில் கேட்கிற வசனம் இது. எங்க வீட்டிலும் கேட்டுச்சு. தாத்தா ஒரு டீ எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். ஊருக்குக் கிளம்பின வெள்ளைக்கார மேனேஜர் கொடுத்துட்டுப் போனதுன்னு ஆறு டீஸ்பூன் பீரோவில் கிடந்தது. அதில் நாலை அத்தை கடையில் போட்டு, கழிவு போக வந்த காசில் ஒரு குங்குமச்சிமிழ் வாங்கிட்டு வந்தாங்க. மீதி ரெண்டும் எப்படித் தப்பிச்சதுன்னா, சர்க்கரை டப்பாவுக்குள்ள இருந்ததால!

அந்த ரெண்டில் ஒண்ணை ஒருநாள் சும்மா திருப்பிப் பார்த்தப்போ, காம்புக்குப் பின்னால் ஏதோ அழுக்கு மாதிரி புள்ளிகள். போன் கேமராவை மேக்ரோவில் வெச்சு ஜூம் பண்ணினா... நடந்து போற சிங்கம், ஒரு நங்கூரம், ஒரு பெண்ணின் தலை, ஒரு எழுத்து, தனியா ரெண்டு எழுத்து. அஞ்சு முத்திரை. அந்த அஞ்சும் சேர்ந்து சொன்னது இதுதான்: ஸ்டெர்லிங் வெள்ளி, பர்மிங்ஹாமில் சோதிக்கப்பட்டது, விக்டோரியா ராணி காலம், 1890-க்கு முன்னாடி. தாத்தா பிறக்கிறதுக்கும் முந்தைய பொருள்!

நாலு ஸ்பூனோட விலை பெரிய தொகையெல்லாம் கிடையாது. ஆனா, ஒரே பட்டறையில் செஞ்ச ஆறு ஸ்பூன் செட் உடைஞ்சுபோச்சு. அந்த நாலும் உருகி இந்நேரம் யார் வீட்டுக் கொலுசில் இருக்கோ!

அதனால, பழைய வெள்ளி டேபிள் சாமான்களைச் சேர்க்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கும், சேர்க்கிற ஆசையே இல்லாம வீட்டில் வெச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. அதிகமா பேசப்போறது இங்கிலாந்து வெள்ளியைப் பத்தி. உலக மார்க்கெட்டில் அதிகம் புழங்குறதும், ஆரம்பநிலை ஆட்கள் படிச்சுப் புரிஞ்சுக்க ஈஸியானதும் அதுதான்.

தப்பிப் பிழைச்ச ஸ்பூன்கள்

வெள்ளிக்கு ஒரு சாபம் உண்டு. பீங்கான் கோப்பை உடைஞ்சா குப்பை. வெள்ளிக் கோப்பையோ உடையாம இருந்தாலும் உருக்கினா பணம். அதனால கஷ்டகாலம் வரும்போதெல்லாம் முதல்ல உலைக்குப் போனது வெள்ளிதான். பிரான்ஸின் பதினாலாம் லூயி மன்னர் போர்ச் செலவுக்காக வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேஜை, நாற்காலிகளையே 1689-ல் உருக்கினார். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்கள் முதலாம் சார்லஸ் மன்னரின் நாணயங்களாக மாறின.

ரொம்பப் பழைய கதைன்னு நினைக்காதீங்க. 1979-80-ல் அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஹன்ட் சகோதரர்கள் உலக வெள்ளியை வாங்கிக் குவிக்க, 1979 தொடக்கத்தில் ஒரு அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்த விலை, 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கிடுச்சு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜனங்க பாட்டி காலத்து டீ-பாட், தட்டு, ஃபோர்க்கைத் தூக்கிட்டு வரிசையில் நின்னாங்க. எல்லாம் கிலோ கணக்கில் உருகிச்சு. மார்ச் மாசமே விலை சரிஞ்சுபோச்சு. பணம் திரும்ப வரலாம், போற விலையும் திரும்ப வரலாம்... உருகின டீ-பாட் வருமா?

இன்னைக்கு 200 வருஷப் பழைய ஸ்பூன் ஒண்ணு உங்க கையில் கிடைச்சா, இத்தனை உலைகளில் இருந்தும் அது தப்பிச்சு வந்திருக்குன்னு அர்த்தம்.

முதல்ல ஏ, பி, சி, டி

பழம்பொருள் வியாபாரத்தில் 100 வயசைத் தாண்டினதைத்தான் பொதுவா 'ஆன்டிக்' என்பார்கள். அதுக்குக் குறைஞ்சது 'வின்டேஜ்'.

சுத்த வெள்ளி ரொம்ப மெத்து. அதில் ஸ்பூன் செஞ்சா அல்வா எடுக்கும்போதே வளைஞ்சுடும். அதனால செம்பு கலப்பாங்க. 1,000 பங்கில் 925 வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு... இதுதான் ஸ்டெர்லிங். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளா இதுதான் அளவுகோல்.

நடுவில் ஒரு சுவாரஸ்யம். 1600-களின் கடைசியில் வெள்ளி நாணயங்களின் ஓரத்தை வெட்டி, உருக்கி, பாத்திரம் செய்யற வேலை அங்கே ஜோரா நடந்தது. நாணயமும் பாத்திரமும் ஒரே தரம்கிறதால திருட்டு வெள்ளியை அப்படியே ஊத்திடலாமே! கடுப்பான அரசாங்கம், 1697-ல் பாத்திரத்தின் தரத்தை மட்டும் 95.8 சதவிகிதமா உயர்த்திடுச்சு. 1720 வரை அதுதான் கட்டாயம். அந்தக் காலத்துப் பொருளில் சிங்கத்துக்குப் பதிலா, உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா தேவி முத்திரை இருக்கும். கிடைச்சா விட்றாதீங்க. ஆனா, 1720-க்கு அப்புறமும் விருப்பப்பட்டவங்க அந்தத் தரத்தில் செஞ்சிருக்காங்க. தேவியைப் பார்த்ததும் 'ஆஹா, 300 வருஷம்'னு குதிக்க வேண்டாம்.

ஹால்மார்க்... அந்தக் காலத்து க்யூஆர் கோடு!

'ஹால்மார்க்' என்ற சொல்லே லண்டனின் 'கோல்ட்ஸ்மித்ஸ் ஹால்' என்ற இடத்தில் இருந்து வந்தது. பட்டறைக்காரர் பொருளை அந்த ஹாலுக்குக் கொண்டு போகணும். சோதிச்சு, தரம் சரியா இருந்தாத்தான் முத்திரை விழும். சிறுத்தைத் தலை முத்திரை 1300-லேயே சட்டமாகிடுச்சு. உலகின் மிகப் பழைய நுகர்வோர் பாதுகாப்பு ஏற்பாடுகளில் இதுவும் ஒண்ணு.

ஒரு ஆங்கிலேய ஸ்பூனின் பின்னால் நீங்க தேட வேண்டியது இவைதான்.

சிங்கம்: இடதுபக்கம் பார்த்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி நடக்கும். 1544-ல் இருந்து இங்கிலாந்தின் வெள்ளிக்கான முத்திரை இது. சிங்கம் இருந்தா ஸ்டெர்லிங்.

ஊர்: சிறுத்தைத் தலைன்னா லண்டன். நங்கூரம்னா பர்மிங்ஹாம். கிரீடம்னா ஷெஃபீல்ட் (1975-ல் இருந்து அங்கே ரோஜா). கோட்டைன்னா எடின்பரோ. கடலே இல்லாத பர்மிங்ஹாமுக்கு ஏன் நங்கூரம்? 1773-ல் பர்மிங்ஹாமும் ஷெஃபீல்டும் சோதனைச்சாலை கேட்டு லண்டன் வந்தப்போ, அவங்க கூடிப் பேசின மதுக்கடையின் பெயர் 'கிரவுன் அண்ட் ஆங்கர்'. ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டாங்கன்னு கதை சொல்வாங்க. கதைதான், ஆனா ஞாபகம் வெச்சுக்க உதவும்.

தலை: ராஜா அல்லது ராணியின் பக்கவாட்டு முகம். இது அழகுக்கு இல்லை, வரி கட்டின ரசீது! 1784-ல் இருந்து 1890 வரை வெள்ளிக்கு வரி. அதனால, வழக்கமான முத்திரைகளோடு தலையும் இருந்தா அந்தப் பொருள் அனேகமா இந்த 106 வருஷத்துக்குள் வந்துடும். எங்க ஸ்பூனின் வயசு புரிஞ்சது இதை வெச்சுத்தான்.

எழுத்து: இதுதான் வருஷம். ஒவ்வொரு வருஷமும் ஒரு எழுத்து மாறும். லண்டனில் 20 எழுத்து முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து. அப்போ குழப்பம் வராதா? வரும். அதனால ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்தின் வடிவமும், அதைச் சுத்தியிருக்கிற கட்டத்தின் வடிவமும் மாறும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, வளைஞ்சு நெளியும் பழைய பாணி எழுத்துன்னு பல தினுசு. இன்னொரு சிக்கல், 1975 வரை ஊருக்கு ஊர் பட்டியல் வேற. முதல்ல ஊரைக் கண்டுபிடிங்க, அப்புறம் அந்த ஊரின் பட்டியலில் எழுத்தைத் தேடுங்க. வரிசையை மாத்தினா 50 வருஷம் தப்பிப் போயிடும். பட்டியல்கள் இணையத்தில் இலவசமாவே கிடைக்குது. சட்டைப்பையில் வெச்சுக்கிற மாதிரி 'பிராட்பரி' என்ற குட்டிப் புத்தகமும் இருக்கு. வியாபாரிகளே அதைத்தான் புரட்டுவாங்க.

செஞ்சவர்: ரெண்டு, மூணு ஆங்கில எழுத்துகள். விலையைத் தூக்குறது இதுதான். பால் டி லமெரி, பால் ஸ்டோர் மாதிரி பெயர்கள் ஏலத்தில் வந்தா நம்ம பட்ஜெட் பக்கமே வராது. எனக்குப் பிடிச்சவர் ஹெஸ்டர் பேட்மேன். கணவர் 1760-ல் இறந்ததும், அடுத்த வருஷமே தன் பெயரில் முத்திரையைப் பதிவுசெஞ்சு, லண்டனில் 30 வருஷம் பட்டறை நடத்தின பெண்மணி. அவர் பட்டறை ஸ்பூன்கள் இன்னைக்கும் சந்தைக்கு வருது. பெயருக்காகவே கொஞ்சம் விலை கூடும்.

மத்த நாடுகளை வேகமா பார்த்துடலாம். அமெரிக்கப் பொருளில் 'ஸ்டெர்லிங்' என்றே எழுத்தில் இருக்கும். 'காயின்'னு இருந்தா சுமார் 90 சதவிகிதம். ஜெர்மனின்னா 1888-ல் இருந்து பிறைநிலா, கிரீடம், கூடவே 800 மாதிரி ஒரு எண். பிரான்ஸில் 1838-ல் இருந்து மினர்வா தேவியின் தலை. பழைய ரஷ்யப் பொருளில் 84-னு இருந்தா 84 சதவிகிதம்னு நினைச்சுடாதீங்க. அவங்க கணக்கு 96-க்கு. அதாவது 87.5 சதவிகிதம். வெறும் 925 என்ற எண் மட்டும் இருந்தா? பெரும்பாலும் அது புதுப் பொருள்.

'வெள்ளி' என்று சொன்னதெல்லாம் வெள்ளி இல்லை பாஸ்!

ஆரம்பத்தில் எல்லாரும் ஏமாறுற இடம் இதுதான். நானும் ஏமாந்திருக்கேன். பழைய சாமான் கடை ஒண்ணில் பளபளன்னு ஒரு டீ-பாட். அடியில் வரிசையா நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு எழுத்து, பார்க்க அச்சு அசல் ஹால்மார்க். பேரம் பேசி ஜெயிச்ச சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து ஜூம் பண்ணினா... ஆங்கிலத்தில் இ, பி, என், எஸ்! நிக்கல் கலந்த உலோகத்தின் மேல மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசினதுன்னு அர்த்தம். கட்டம் கட்டி ஹால்மார்க் மாதிரியே அடிக்கிறது அந்தக் காலத்து மார்க்கெட்டிங். கடைக்காரர் பொய் சொல்லலை, 'பழசு சார்'னு மட்டும்தான் சொன்னார். இப்போ அது எங்க வீட்டில் மணி பிளான்ட் வளர்க்குது.

மின்முலாம் வியாபாரமா சூடுபிடிச்சது 1840-ல் பர்மிங்ஹாம் எல்கிங்டன் நிறுவனம் காப்புரிமை வாங்கின பிறகு. நடுத்தர வர்க்கமும் 'வெள்ளி' மேஜை போட முடிஞ்சது. 'ஏ1' என்று போட்டிருக்கும் பாருங்க, அது முலாமின் தடிமனைச் சொல்ற விளம்பர வார்த்தை. 'ஜெர்மன் சில்வர்' கதை நமக்கே தெரியும். ரிட்டர்ன் கிஃப்ட்டாக வாங்கிக் கொடுக்கிறோமே, அதேதான். செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி அதில் ஒரு துளியும் கிடையாது.

ஆனா, முலாம் எல்லாமே மட்டம்னு ஒதுக்கிடவும் கூடாது. 'ஓல்டு ஷெஃபீல்ட் பிளேட்' தனி ரகம். 1740-களில் ஷெஃபீல்டின் தாமஸ் போல்சோவர் கண்டுபிடிச்ச முறை அது. செம்புக் கட்டி மேல வெள்ளித் தகட்டை வெச்சுச் சூடாக்கினா ரெண்டும் ஒட்டிக்கும். அப்படியே தகடா உருட்டிப் பாத்திரம் செய்யலாம். காலப்போக்கில் மேடான இடங்களில் வெள்ளி தேய்ஞ்சு, அடியில் இருக்கும் செம்பு இளஞ்சிவப்பா எட்டிப்பார்க்கும். அந்தச் சிவப்பைத்தான் சேகரிக்கிறவங்க ரசிக்கிறாங்க. யாராவது 'புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்'னு மறுபடி முலாம் பூசினா, மதிப்பு போச்சு.

வீட்டு டெஸ்ட்டுகளில் எது எவ்வளவு நம்பலாம்? காந்தம் ஒட்டினா அது வெள்ளி இல்லை. ஆனா ஒட்டலைன்னா வெள்ளின்னும் சொல்ல முடியாது, பித்தளையும் ஒட்டாது. ஐஸ் கட்டி டெஸ்ட் யூடியூபில் செம ஃபேமஸ். உலோகங்களிலேயே வெள்ளிதான் வெப்பத்தை அதிகம் கடத்தும், அதனால ஐஸ் சட்டுன்னு உருகும்னு காட்டுவாங்க. செம்பும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் உருக்கும், அதைக் காட்ட மாட்டாங்க. நகைக்கடை எக்ஸ்ரே மெஷின்கூட மேல்பரப்பைத்தான் படிக்கும். முலாம் தடிமனா இருந்தா அது ஏமாறும். அமிலச் சோதனைக்கு ஒரு இடத்தில் உரச வேண்டியிருக்கும், பழைய பொருளுக்கு அது காயம். கடைசியில் நம்ப வேண்டியது முத்திரையையும் உங்க கண்ணையும்தான்.

முத்திரை நிஜம்... பொருள்?

முத்திரை அசலா இருந்தும் பொருள் கைமாத்தலா இருக்கலாம். கொஞ்சம் நுணுக்கமான ஏரியா இது, ஆனா காசு போறது இங்கேதான்.

வரி ஏய்க்கிறதுக்காக, சின்னப் பொருளில் வாங்கின முத்திரையை வெட்டி எடுத்துப் பெரிய பாத்திரத்தில் பத்தவெச்சிருக்காங்க. முத்திரையைச் சுத்தி வாயால ஊதிப் பாருங்க. மூச்சின் ஈரம் படியும்போது பத்தவெச்ச கோடு தனியா தெரியும். வியாபாரிகள் பாத்திரத்துக்கு முத்தம் கொடுக்கப்போற மாதிரி குனியறது இதுக்காகத்தான்.

மூடி இருக்கிற பாத்திரம்னா மூடியிலும் முத்திரை இருக்கான்னு பாருங்க. உடல் ஒரு வருஷம், மூடி வேற வருஷம்னா, எங்கேயோ ஜோடி மாறியிருக்கு. இதை அங்கே 'மேரேஜ்' என்பார்கள். ஆமா, கல்யாணம்தான்!

பழம், இலை வடிவம் புடைச்ச தங்கமுலாம் ஸ்பூன்களை 'பெர்ரி ஸ்பூன்' என்று அழகா பெட்டியில் வெச்சு விப்பாங்க. பெரும்பாலும் அவை 1700-களின், 1800-களின் சாதா ஸ்பூன்கள். விக்டோரியா காலத்தில் யாரோ தட்டி அலங்காரம் பண்ணினது. அழகுக்காக வாங்கலாம். தேதியைச் சொல்லி விலை கேட்டா கொடுக்காதீங்க.

யாரோ ஒருத்தரின் குடும்பச் சின்னமோ, பெயரோ பொறிச்சிருக்கும். 'அடுத்தவங்க பெயர் நமக்கெதுக்கு'ன்னு முன்னாடி வாங்கினவர் அதைச் சுரண்டி எடுத்திருப்பார். அந்த இடம் மெலிஞ்சிருக்கும், கட்டைவிரலால் லேசா அழுத்தினாலே தெரியும். பெயர் அப்படியே இருக்கிறதுதான் நல்லது.

எடையிலும் உஷார். வெள்ளி மெழுகுவத்தித் தாங்கி கையில் கனமா இருக்கும். பல தாங்கிகளில் வெளியே மெல்லிய தகடு, உள்ளே அரக்கு மாதிரி நிரப்பல். கத்தியின் கைப்பிடியும் அப்படித்தான், அலகு வேற எஃகு. இந்த மாதிரிப் பொருளில் மொத்த எடையை வெச்சு வெள்ளிக் கணக்குப் போட்டா நஷ்டம்.

என்ன வாங்கி ஆரம்பிக்கலாம்?

டீ-செட்டில் ஆரம்பிக்காதீங்க. ஸ்பூனில் ஆரம்பிங்க. சின்னது, அதிகம் கிடைக்கும், வேணும்போது எடுத்துப் பாயசம் சாப்பிடலாம். ஒரே ஸ்டைலில், ஒரே வருஷத்தில் 12 ஸ்பூன் இருக்கிற செட் விலை அதிகம். அதே ஸ்டைலில் வேற வேற வருஷம், வேற வேற பட்டறைன்னு ஒண்ணொண்ணா சேர்த்தா செலவு குறைச்சல், வேட்டையும் ஜாலி. 'ஓல்டு இங்கிலீஷ்' ஸ்டைல் சிம்பிள், நுனி வட்டமா இருக்கும். 'ஃபிடில்' வயலின் மாதிரி தோள் வெச்சிருக்கும். 'கிங்ஸ்' முழுக்கச் சங்கும் கோடும். அதுக்கும் முந்தின 'ஹனோவேரியன்' ஸ்பூனில் குடும்பச் சின்னம் பின்பக்கம் இருக்கும். காரணம், அந்தக் காலத்தில் ஸ்பூனைக் கவிழ்த்துத்தான் மேஜையில் வைப்பாங்க.

ஸ்பூனுக்கு அடுத்து சர்க்கரை எடுக்கும் இடுக்கி, டோஸ்ட் தாங்கி, நாப்கின் வளையம். கடுகுக் கிண்ணமும் உப்புக் கிண்ணமும் எனக்கு ரொம்ப இஷ்டம். உள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம் உட்கார்ந்திருக்கும். ஸ்டைலுக்கு வெச்சது மட்டும் இல்லை. உப்பு வெள்ளியை அரிச்சுடும். டீத்தூள் அளக்கிற 'கேடி ஸ்பூன்' இன்னொரு குட்டி அழகு. இலை, சிப்பி, குதிரைவீரன் தொப்பின்னு விதவிதமா வரும். ஒரு காலத்தில் டீத்தூள் அவ்வளவு விலை. பெட்டிக்குப் பூட்டு போட்டுச் சாவியை வீட்டம்மா வெச்சுக்கிட்டாங்க.

விலைக் கணக்கு

முதல்ல உலோக மதிப்பு. 25 கிராம் ஸ்டெர்லிங் ஸ்பூனில் 23 கிராமுக்குக் கொஞ்சம் மேல சுத்த வெள்ளி. அதை அன்னைக்கு ரேட்டோடு பெருக்குங்க. இது தரைமட்டம். இதுக்கு மேல எவ்வளவு கேட்கிறாங்களோ, அதுதான் வயசுக்கும், செஞ்சவருக்கும், நிலைமைக்கும் நீங்க கொடுக்கிற விலை. முத்திரை தெளிவா இருக்கா, ஸ்பூன் நுனி தேயாம இருக்கா, ஃபோர்க்கின் பல் குட்டையாகலையான்னு பாருங்க. சாதாரண விக்டோரியா கால ஸ்பூன்கள் பல நேரம் உலோக மதிப்புக்குக் கொஞ்சம் மேலதான் விக்கும். 'இன்வெஸ்ட்மென்ட்'னு யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க.

வெளிநாட்டு ஏலப் பட்டியலில் எடை டிராய் அவுன்ஸில் இருக்கும். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். சமையலறை அவுன்ஸ் 28-ன்னு கணக்குப் போட்டா தப்பாகிடும். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை கடைசி விலை இல்லை. அதுக்கு மேல ஏல நிறுவனத்தின் கமிஷன், பல இடங்களில் கால் பங்கு அளவுக்குக்கூட இருக்கும். அப்புறம் ஷிப்பிங், இன்ஷூரன்ஸ், நம்ம ஊர் கஸ்டம்ஸ். 'சீப்பா கிடைச்சது' என்ற சந்தோஷம் வீடு வந்து சேர்றதுக்குள் காணாமப்போயிடும். ஆன்லைனில் வாங்கினா முத்திரையின் குளோசப் போட்டோ கேளுங்க. கொடுக்க மறுத்தா நகர்ந்துடுங்க. 'சில்வர் டோன்', 'சில்வர் பிளேட்', 'சில்வர் ஸ்டைல்' என்ற வார்த்தைகளில் வெள்ளி இருக்கும், பொருளில் இருக்காது.

லண்டன் போற வாய்ப்பு இருந்தா, சான்சரி லேனில் தரைக்குக் கீழே 'லண்டன் சில்வர் வால்ட்ஸ்'னு ஒரு இடம். பாதுகாப்புப் பெட்டக அறைகளே வெள்ளிக் கடைகளா மாறினவை. வாங்கலைன்னாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம். கை பழகினாத்தான் கண் பழகும்.

மெட்ராஸ் வெள்ளி... சாமி வெள்ளி!

இப்போ நம்ம ஊர். மவுன்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸை நமக்கு வாட்ச் கடையாத்தான் தெரியும். 1800-களின் பின்பாதியில் அவங்க வெள்ளிக்கும் பேர்போனவங்க. வெள்ளைக்காரங்க வீட்டு டீ-பாட், பால் ஜாடி, தட்டு. வடிவம் இங்கிலாந்து; மேலே புடைப்பா கிருஷ்ணர், சிவன், அம்மன், வாகனங்கள். 'சாமி சில்வர்' என்றே இதுக்கு உலக ஏலங்களில் பெயர். டீ குடிக்கிற பாத்திரத்தில் சாமியான்னு நமக்குத் தோணும். வாங்கினவங்களுக்கு அது இந்திய நினைவுப்பொருள்.

கட்ச்சின் புஜ் நகரில் ஊமர்சி மாவ்ஜி பட்டறை கொடி, விலங்கு வேலைப்பாட்டில் ராஜா. லக்னோவில் காடும் பனைமரமும், காஷ்மீரில் சால்வை டிசைனும் கொத்தமல்லி இலையும், கல்கத்தாவில் ஹாமில்டன் கம்பெனியின் ஆங்கில பாணியும். இந்த ரகங்களில் ஒரு விஷயம் முக்கியம்: அந்தக் கால இந்தியாவில் லண்டன் மாதிரி அரசு சோதனைச்சாலை முத்திரை முறை கிடையாது. பட்டறை தன் பெயரைத் தானே அடிச்சுக்கும். அதனால வருஷ எழுத்தை எல்லாம் தேடாதீங்க. வேலைப்பாட்டையும் பட்டறை முத்திரையையும் வெச்சுத்தான் முடிவு செய்யணும். முத்திரையே இல்லாத நல்ல பொருள்களும் நிறைய.

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. 1972-ம் வருஷத் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. விக்கிற வியாபாரிக்கு உரிமம் வேணும். அமெரிக்காவில் இருக்கிற அக்கா, 'பாட்டியோட பழைய வெள்ளியை எடுத்துட்டு வாடா'ன்னா, ஏர்போர்ட்டில் மாட்டப்போறது நீங்க. பொருள் அந்த வகையில் வராதுன்னு நினைச்சா, இந்தியத் தொல்லியல் துறையில் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கிட்டுக் கிளம்புங்க.

கடையில் போடுறதுக்கு முன்னாடி

எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் தராசுக்குக் கண் கிடையாது. சாமி சில்வர் பால் ஜாடியும் நெளிஞ்சுபோன தட்டும் அங்கே ஒரே கிராம்தான். அதனால கொடுக்கிறதுக்கு முன்னாடி அடிப்பக்கம், கைப்பிடி, மூடியின் உள்பக்கம் மூணையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்க. முத்திரை எதுவும் இருந்தா அன்னைக்கு விக்காதீங்க. ஒரு வாரம் தேடிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம், வெள்ளி ஓடிடாது. முத்திரை இல்லாத டபரா, பன்னீர்ச்செம்பு, பாலாடைகளில் புள்ளி புள்ளியா பெயர் வெட்டியிருக்கும் பாருங்க. அது யாரோட பெயர், எந்தக் கல்யாணத்துக்கு வந்ததுன்னு பெரியவங்களிடம் கேட்டு எழுதிவெச்சுட்டு, அப்புறம் கொடுக்கலாமா வேண்டாமான்னு யோசிங்க. அத்தையிடம் நான் கேட்டிருக்க வேண்டியதும் இதைத்தான்.

தேய்க்காதீங்க!

வெள்ளி கறுக்கிறது துரு இல்லை. காற்றில் இருக்கும் கந்தகத்தால் மேலே படியும் வெள்ளி சல்ஃபைடு. நம்ம வீடுகளில் விபூதி, இல்லைன்னா டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ப்போம். பளபளக்கும்தான். கூடவே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளியும், முத்திரையின் ஓரமும் தேய்ஞ்சு போகும். சிங்கம் போய், கடைசியில் ஒரு மேடு மட்டும் நிக்கும். வெள்ளிக்கான மெத்தென்ற பாலிஷ் துணியே போதும். முத்திரை மேல அழுத்தாதீங்க.

அலுமினியம் ஃபாயில், சமையல் சோடா, வெந்நீர் முறை வேதியியல்படி சரிதான். கறுப்பை வெள்ளியாவே திருப்பிடும். ஆனா, வேலைப்பாட்டின் பள்ளத்தில் இருக்கிற அழகான கருமையையும் சேர்த்துத் துடைச்சுடும். சாமி சில்வர் மாதிரிப் பொருளுக்கு வேண்டவே வேண்டாம். அரக்கு நிரப்பின கைப்பிடியை வெந்நீரில் முக்கினா பிடி கழண்டு வரும். டிஷ்வாஷர் பக்கமே போகாதீங்க.

அடிக்கடி உபயோகிக்கிற வெள்ளி அவ்வளவா கறுக்காது. முட்டை, எலுமிச்சை, உப்பு பட்டா உடனே கழுவி, ஈரம் இல்லாம துடைச்சுடுங்க. எடுத்துவைக்கும்போது நியூஸ்பேப்பரில் சுத்தாதீங்க. ஸ்பூன்களைச் சேர்த்து ரப்பர் பேண்டும் போடாதீங்க. ரப்பரில் கந்தகம் இருக்கு. ரெண்டு மழைக்காலத்தில் ஸ்பூன் இடுப்பில் கறுப்பா ஒரு கோடு விழுந்து, பாலிஷ் பண்ணினாலும் போக மாட்டேங்கும். துவைச்ச பழைய பருத்தி வேட்டித் துணி போதும். எங்க வீட்டு ரெண்டு ஸ்பூனும் இப்போ அதில்தான் தூங்குது.